நெல் மில் மென்பொருளில் பயனரே எழுதும் கணக்குக் கோவை: ஆபத்தில்லாமல் இயக்குவது எப்படி?

#1 வாழைச்சேனை_நிரல்

எல்லாருக்கும் வணக்கம். நெல் கொள்வனவு மென்பொருள் ஒன்று. வாழைச்சேனை, ஓட்டமாவடி, சம்மாந்துறைப் பக்கத்து மில்கள் சில ஒரே சேர்வரில் பாவிக்கின்றன. கழிவு பிடிக்கிற கணக்கு மில்லுக்கு மில் வேறு. ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போனால் சிலர் காய்ந்த எடைக்கு மாற்றுவார்கள், சிலர் மூடைக்கு இத்தனை கிலோ என்று நேரே கழிப்பார்கள். சாக்கு எடை, இறக்குகூலி தனி. பெரும்போகத்துக்கு ஒரு மாற்றம், சிறுபோகத்துக்கு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் கோட்டைத் திருத்திப் புதிய பதிப்பு விடாமல், மனேஜரே அமைப்புப் பக்கத்தில் கோவையை எழுதட்டும் என்று பார்க்கிறேன்:

    ஈரப்பதம் > 14 ? எடை * (100 - ஈரப்பதம்) / 86 : எடை

சேர்வர் பைதன். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டில் முன்னோட்டம் காட்ட வேண்டும். உரையைக் கோட்டாகவே இயக்குகிற பைதனின் ஈவல் சார்புக்கு, பில்டின்ஸ் (உள்ளமைந்த சார்புகள்) அகராதியை வெறுமையாகக் கொடுத்து, மாறிகளை மட்டும் அனுப்பினால் காணுமா? இல்லாவிட்டால் லூவா மாதிரி ஒன்றை உள்ளே வைப்பதா, சொந்தமாக எழுதுவதா?

#2 சாய்ந்தமருது_கோடர்

காணாது தம்பி. பில்டின்ஸை எடுத்தாலும் பைதனில் ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பைச் சுமந்துகொண்டே வருகிறது. வெறும் அடைப்புக்குறி இரண்டு போட்டால் அது ஒரு டியூப்பிள். அங்கிருந்து புள்ளி வைத்து அதன் வகுப்புக்கு, அதிலிருந்து எல்லாவற்றுக்கும் மூலமான ஆப்ஜெக்ட் வகுப்புக்கு, அதிலிருந்து நினைவகத்தில் ஏறியிருக்கிற அத்தனை உபவகுப்புகளின் பட்டியலுக்கும் போகலாம். கோப்பைத் திறக்கிற அல்லது கட்டளை ஓட்டுகிற ஒன்று அந்தப் பட்டியலில் அகப்படும். இம்போர்ட் ஒன்றும் தேவையில்லை.

"இரட்டை அடிக்கோடு வந்தால் மறுத்துவிடுவேன்" என்று அடுத்ததாகச் சொல்வார்கள். ஜெனரேட்டர் ஒன்றின் அழைப்புச் சட்டகத்தைப் பிடித்துப் பின்னால் நடந்தால் இரட்டை அடிக்கோடே வேண்டாம். தடைச்சொல் பட்டியலும் நிற்காது. பைதன் தன் பெயர்களை வாசிக்கும்போது யூனிகோட் இயல்பாக்கம் செய்கிறது, அதனால் அகல வடிவ ஆங்கில எழுத்தில் எழுதிய சொல் உங்கள் வடிகட்டிக்கு வேறாகவும் பைதனுக்கு அதே சொல்லாகவும் தெரியும்.

மில்காரர் யாரும் கள்ளர் இல்லை, அது சரி. ஆனால் பல மில்கள் ஒரே சேர்வரில் இருக்கின்றன என்கிறீர்கள். ஒரு கிளார்க்கின் கடவுச்சொல் வெளியே போனால் மற்ற மில்களின் கொள்வனவுப் புத்தகம் முழுவதும் திறந்துவிடும். இது கற்பனைப் பயம் இல்லை. 2017இல் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா வலை ஃபிரேம்வர்க்கில் இருந்த ஓட்டை இதே இனம்: இணையக் கோரிக்கையின் தலைப்பில் வந்த உரையை ஓஜிஎன்எல் என்ற கோவை மொழியாக எடுத்து இயக்கியது. ஈக்விபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் தரவு அந்த வழியாகத்தான் போனது.

பெரிய மொழி ஒன்றை எடுத்து அதில் கெட்டதை வெட்டி வெட்டி நல்லதாக்கலாம் என்று முயன்றவர்கள் பலர். ஆங்குலர்ஜேஎஸ் தன் கோவைகளுக்கு வைத்திருந்த சாண்ட்பாக்ஸை (வெளியே கை வைக்க விடாத அடைப்பை) 1.6 பதிப்பில் தூக்கியே விட்டது, ஏனென்றால் அதை உடைக்கிற வழிகள் வந்துகொண்டே இருந்தன. நோட்ஜேஎஸ்ஸின் விஎம் மாட்யூல் பாதுகாப்புக்கானது அல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. விஎம்2 என்ற லைப்ரரியை 2023இல் அதன் பராமரிப்பாளரே கைவிட்டார். ஆபத்தானதைச் செய்யச் சொல்வதற்கு அந்த மொழியில் இலக்கணமே இருக்கக்கூடாது. வேண்டியது நான்கு கணக்கு, ஒப்பீடு, நிபந்தனை. அதை மட்டும் கொண்ட மொழியைக் கீழிருந்து கட்டுங்கள்.

#3 நிந்தவூர்_தரவு

அதற்கு முதல் ஒரு விடயம். கோவை தேவையா என்பதையே பாருங்கள். "15 வரை மூடைக்கு 1 கிலோ, 16 வரை 2 கிலோ" என்கிற வகைக் கழிவு கோவை அல்ல, அட்டவணை. அதை நிபந்தனைக்குள் நிபந்தனையாக எழுத விட்டால் ஏழு எட்டு அடைப்புக்குறி வரும், ஒன்றை விட்டுவிடுவார்கள். இரண்டு நிரல் உள்ள அட்டவணைப் படிவம் கொடுங்கள். எல்லைகள் ஏறுவரிசையில் இருக்கின்றனவா, இடையில் வெளி இருக்கிறதா என்று நிரலே பார்க்கும். 15 என்ற பெறுமானம் மேல் வரிக்கா கீழ் வரிக்கா என்பதைப் படிவத்திலேயே "வரை" அல்லது "குறைய" என்று எழுதிக் காட்டுங்கள். மில்லில் சண்டை வருவது அந்த எல்லையில்தான்.

#4 வாழைச்சேனை_நிரல்

நானா, நல்ல விளக்கம். நிந்தவூர்க்காரர் சொன்ன அட்டவணை படிநிலைக் கழிவுக்குச் சரி, அதையும் வைக்கிறேன். ஆனால் காய்ந்த எடைக் கணக்கும் சம்பளப் பக்கமும் அட்டவணைக்குள் அடங்காது. பைதனின் ஏஎஸ்டி மாட்யூலால் கோவையை மரமாக்கி, அனுமதித்த முனைகளை மட்டும் நடந்து கணக்குப் பார்ப்பது எப்படி?

#5 களுவாஞ்சிக்குடி_சேர்

அது சரியான திசை. வழமையாகத் தவறும் இடங்களைச் சொல்கிறேன்.

அனுமதிப் பட்டியல் இவ்வளவுதான்: எண் மாறிலி, பெயர், இரு பக்கச் செய்கை, முன்னொட்டுக் குறை, ஒப்பீடு, மற்றும்/அல்லது, நிபந்தனை, பெயரால் மட்டும் அழைக்கிற சார்பு. புள்ளி வைத்துப் பண்பைத் தொடும் முனை, சதுர அடைப்பு, லாம்டா, பட்டியல் உருவாக்கி, எஃப்-ஸ்ட்ரிங், நட்சத்திர அளபுருக்கள் எல்லாமே கடைசியிலுள்ள "மற்றதெல்லாம் பிழை" என்ற வரியில் விழ வேண்டும். அந்த வரியை எழுதாமல், தெரியாத முனைக்கு ஒன்றும் செய்யாமல் விடுகிற கோட்தான் ஓட்டையாகிறது.

பைதனில் மெய்/பொய் வகை முழு எண் வகையின் பிள்ளை. "எண்தானா" என்று மட்டும் பார்த்தால் மெய் என்பது 1 ஆக உள்ளே வரும். தனியாகச் சோதியுங்கள்.

ஒப்பீட்டு முனை ஒன்றுக்குள் பல ஒப்பீடுகள் இருக்கும். 14 < ஈரப்பதம் < 20 என்று எழுதினால் பைதன் அதை ஒரே முனையாகத் தரும், இரண்டு குறிகள் பட்டியலாக இருக்கும். முதல் குறியை மட்டும் கணக்கெடுக்கிற நிரல் 20 என்ற எல்லையைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி வராது, பற்றுச்சீட்டில் கணக்குத்தான் பிழைக்கும்.

உரையைப் பாகுபடுத்த, அதாவது குறி குறியாக வாசித்து மரமாக்க, முதலே அதன் நீளத்தை அளக்க வேண்டும். ஆழமாக அடுக்கிய உரை பைதனின் மொழிபெயர்ப்பியையே விழுத்தும் என்று ஏஎஸ்டி ஆவணம் எச்சரிக்கிறது. எண், உரை, பட்டியல் போன்ற நேரடிப் பெறுமானங்களை மட்டும் ஏற்கிற லிட்டரல்-ஈவல் சார்புக்கும் அதே எச்சரிக்கை உண்டு. மில் கணக்குக்கு 500 எழுத்து தாராளம்.

அடுக்குக் குறியை எடுத்துவிடுங்கள். 9இன் 9ஆம் அடுக்கை மீண்டும் 9க்கு அடுக்காக்கினால் விடை 36 கோடியே 96 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள். பத்து எழுத்துக்குள் எழுதிய ஒரு கோவை சேர்வரை முடக்கும். நேர அலாரத்தை நம்பவும் ஏலாது: பைதன் சைகைகளைக் கவனிப்பது பெரும்பாலும் கட்டளைகளுக்கு இடையில்தான், சி மொழியில் ஓடும் நீண்ட கணக்கு ஒன்றின் நடுவில் அலாரம் வந்து காத்துக்கொண்டிருக்கலாம். உரை வகையை அனுமதித்தால் உரையை நூறு கோடியால் பெருக்குகிற அதே விளையாட்டு. ஆகவே உரையும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஏஎஸ்டி வழி முழுத் திருப்தி இல்லை. இலக்கணம் பைதனுடையது. பதிப்பு மாறினால் முனைகளும் மாறும், 3.8இல் எண், உரை முனைகள் எல்லாம் ஒரே மாறிலி முனையாக மாறின. பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும். #1இல் உள்ள கேள்விக்குறி நிபந்தனையைப் பைதன் ஏற்காது. பிரவுசரில் ஓட்ட எப்படியும் இரண்டாவது பாகுபடுத்தி எழுத வேண்டும். அதற்கு ஒரு சின்ன மொழியைச் சொந்தமாக எழுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைப்பது மேல்.

#6 வாழைச்சேனை_நிரல்

சேர், சொந்தமாக எழுதுவது எவ்வளவு பெரிய வேலை?

#7 களுவாஞ்சிக்குடி_சேர்

முந்நூறு வரிக்குள் முடியும். டைக்ஸ்ட்ரா 1961இல் எழுதிய ஷண்டிங் யார்ட் முறையும் உண்டு, ஆனால் நிபந்தனையும் சார்பு அழைப்பும் வரும்போது வாகன் பிராட் 1973இல் சொன்ன முறை கைக்கு இலகு. ஒவ்வொரு குறிக்கும் ஒரு பலம் கொடுங்கள்:

    ? :                      5
    அல்லது                  10
    மேலும்                   20
    =  <>  <  <=  >  >=     30
    +  -                    40
    *  /                    50
    முன்னால் வரும் -         60

பாகுபடுத்தியின் நெஞ்சு இவ்வளவுதான்:

    கோவை_வாசி(பலம்):
        இடது = தொடக்கம்_வாசி()
        அடுத்த குறியின் பலம் > பலம் என்று இருக்கும்வரை:
            குறி = எடு()
            வலது = கோவை_வாசி(குறியின் பலம்)
            இடது = முனை(குறி, இடது, வலது)
        திருப்பு இடது

நிபந்தனைக் குறி மட்டும் வலமிருந்து இடமாகச் சேர வேண்டும், அதற்கு வலதை வாசிக்கும்போது பலத்தில் ஒன்றைக் குறையுங்கள். ஒப்பீட்டுக்குப் பின்னால் இன்னொரு ஒப்பீடு வந்தால் பிழை என்று நிறுத்துங்கள். இரண்டு எல்லை வேண்டுமென்றால் "மேலும்" போட்டு எழுதட்டும். ஒற்றைச் சமன்குறியைச் சமமா என்ற கேள்வியாகவே எடுங்கள், இந்த மொழியில் மாறிக்குப் பெறுமானம் இடுவது என்ற செயலே இல்லை.

ஆழம் பற்றி இரண்டு கவனம். அடைப்புக்குறியை மட்டும் எண்ணுகிறவர்கள் "-----5" என்று குறைகளை அடுக்கினால் மாட்டிக்கொள்வார்கள், அதுவும் மீள்சுழற்சிதான், சார்பு தன்னையே மீண்டும் அழைப்பது. எண்ணியை கோவை_வாசி, தொடக்கம்_வாசி இரண்டின் வாசலிலும் வையுங்கள். மற்றது, 1+1+1+1 என்று நீட்டினால் பாகுபடுத்தி ஆழம் போகாமல் சுற்றிலேயே நிற்கும், ஆனால் கிடைக்கிற மரம் இடப்பக்கம் ஆழமாகச் சரிந்திருக்கும். பெறுமானம் காண்கிற சார்பு அந்த மரத்தில் இறங்கும்போது அங்கே மீள்சுழற்சி எல்லை உடையும். பைதனின் இயல்பான எல்லை 1000 அழைப்புச் சட்டகங்கள், வலை ஃபிரேம்வர்க் கோட் அதில் ஒரு பங்கை ஏற்கெனவே எடுத்திருக்கும். அதனால் ஆழத்துக்கு 32, மொத்த முனைக்கு 200 என்று இரண்டு வரம்பும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, எஸ்கியூலைட் கூட கோவையின் ஆழத்துக்கு 1000 என்று இயல்பு வரம்பு வைத்திருக்கிறது.

சுற்று இல்லை, மாறி மாற்றம் இல்லை, 200 முனை என்றால் அதிகம் 200 படியில் கணக்கு முடியும். கூகுளின் சிஈஎல் என்ற கோவை மொழி இதே எண்ணத்தில் கட்டியது. சேர்வர்களை நிர்வகிக்கிற குபர்நெட்டீஸ் அதைப் பாவிக்கும்போது ஒவ்வொரு கோவைக்கும் செலவு வரம்பும் வைக்கிறது. அந்தச் செலவு எண்ணி உங்களுக்குத் தேவைப்படுவது, மூடைகளின் பட்டியலைக் கூட்டுகிற மாதிரி சார்பு ஒன்றைச் சேர்க்கும் நாளில். பட்டியலுக்குள் பட்டியல் என்று அடுக்கினால் செலவு பெருகும், 200 என்ற உறுதி போய்விடும்.

ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டுச் செயற்றிட்டம் தேடினால் இதை எடுக்கலாம். அளவு சிறியது, ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு முடிவும் படிப்புக்குரியது.

#8 அக்கரைப்பற்று_வயல்

தமிழ்ப் பெயர் வைக்கிற திட்டத்தை விட்டுவிடாதீர்கள், மனேஜர் வாசித்துப் புரிந்துகொள்ள அதுதான் வழி. ஆனால் உரையைப் பெயர், எண், குறி என்று பிரிக்கிற குறிபிரிப்பானை எழுதும்போது அங்கேதான் உடையும்.

பைதன் ரெஜெக்ஸில் (உரை வடிவத் தேடலில்) "சொல் எழுத்து" என்ற குறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எடுக்காது. அவை யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, சேர்குறி வகையில் இருக்கின்றன. "நெல்" என்று கொடுத்தால் "ந" மட்டும் பொருந்தி, கொம்பு தனியே தெரியாத குறியாக நிற்கும். கோ மொழியின் எழுத்துச் சோதனையும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறி ஆங்கில எழுத்துக்கு மட்டும். பைதனில் முழுச் சொல்லையும் சேர்த்தெடுத்து "அடையாளப்பெயரா" என்று கேட்கிற சார்பால் சோதியுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் யூனிகோட் கொடி போட்டு, ஐடி ஸ்டார்ட், ஐடி கன்டினியூ பண்புகளைப் பாவியுங்கள்.

அடுத்தது இயல்பாக்கம். "கொள்வனவு" என்பதில் வரும் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் வரலாம். திரையில் ஒன்று, கணினிக்கு இரண்டு பெயர். பழைய பாமினி ஆவணத்தை மாற்றியில் போட்டு ஒட்டினால் இது அடிக்கடி வரும். உள்ளே வரும் உரையையும், மாறிப் பட்டியலில் உள்ள பெயர்களையும், இரண்டு மொழியிலும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோட் வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

இயல்பாக்கம் தீர்க்காததும் உண்டு. ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதில் "ள" எழுத்தைத் தட்டுவது, "க"வுக்குப் பதில் தமிழ் இலக்கம் "௧" ஒட்டுவது. இவற்றை நிரல் ஊகிக்கக்கூடாது. தெரியாத பெயர் என்று நிறுத்தி, கிட்டிய பெயரைக் காட்ட வேண்டும்.

தமிழ் இலக்கங்களை ஏற்பதா என்று முதலே முடிவெடுங்கள். பைதன் "௧௨" என்பதை 12 என்று வாசிக்கும். ஆனால் "௰" எண்தான் என்று சொல்லிவிட்டு, முழு எண்ணாக்கும்போது பிழை எறியும். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் எண்ணாக எடுக்காது. நான் 0 முதல் 9 மட்டும் என்று வைப்பேன். வாட்ஸ்அப்பிலும் வேர்டிலும் இருந்து ஒட்டும்போது வருகிற உடையா இடைவெளி, அகலமில்லாக் குறி, நீண்ட குறைக்குறி, பெருக்கல் சிலுவை ஆகியவற்றை முதற்படியில் மாற்றிக்கொள்ளலாம், அவற்றில் பொருள் மயக்கம் இல்லை.

பிரவுசர் பக்கத்தில் இன்னொன்று. மாறிகளைச் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டில் வைத்துத் தேடினால், நீங்கள் வைக்காத "கன்ஸ்ட்ரக்டர்" என்ற ஆங்கிலப் பெயருக்கும் பதில் வரும், மூல ஆப்ஜெக்டிலிருந்து. மேப் பாவியுங்கள். சார்புப் பட்டியலுக்கும் அதே.

#9 கல்லடி_பாலம்

காசுக் கணக்கு என்றபடியால் எண் வகையைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். மிதவைப் புள்ளியை, அதாவது தசமத்தை இரும எண்ணில் கிட்டத்தட்ட வைக்கிற வகையை, தொடவே வேண்டாம். காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது: 14.1 - 14 என்பதன் விடை மிதவையில் 0.09999999999999964. "14க்கு மேல் ஒவ்வொரு 0.1க்கும்" என்று ஒரு மில் விதி வைத்து, (ஈரப்பதம் - 14) >= 0.1 என்று எழுதினால் 14.1 வீத நெல்லுக்கு விதி பொருந்தாது. யாராலும் கண்ணால் கண்டுபிடிக்க ஏலாத பிழை.

பைதனில் பத்தின் அடியிலேயே எண்ணை வைக்கிற டெசிமல் வகையைப் பாவியுங்கள். எண்ணை உரையிலிருந்தே நேராக டெசிமலாக்குங்கள், நடுவில் மிதவையாக்கிவிட்டு மாற்றினால் பழுது உள்ளே வந்துவிடும். இயல்பான துல்லியம் 28 இலக்கம், அதனால் எண் எவ்வளவு பெருகினாலும் நினைவகம் பெருகாது. ஆனால் அதன் அடுக்கெண் 999999 வரை போகலாம். அப்படி ஒரு எண்ணை முழு எண்ணாக்கினாலோ சாதாரண வடிவில் அச்சிட்டாலோ பத்து இலட்சம் இலக்கம் வரும். சூழல் அமைப்பில் மேல் எல்லையை 15க்குக் குறையுங்கள், மீறினால் பிழை எழட்டும்.

இனி முழுமையாக்கல். 1000 கிலோ, ஈரப்பதம் 18, கிலோ 110.50 ரூபாய் என்று வைப்போம். காய்ந்த எடை 1000 × 82 / 86 = 953.488… கிலோ. எடையை முழுமையாக்காமல் பெருக்கினால் 105,360.47 ரூபாய். எடையை முதலில் 953.49 ஆக்கிப் பெருக்கினால் 105,360.645, சதத்துக்கு முழுமையாக்கினால் 105,360.65. பைதனின் டெசிமல் அரைவாசி வந்தால் இயல்பாக இரட்டை இலக்கத்தின் பக்கம் முழுமையாக்கும், அதில் விடை 105,360.64. ஒரே லோட் நெல்லுக்கு மூன்று தொகை. பற்றுச்சீட்டில் 953.49 கிலோ என்று அச்சடிக்கிறீர்கள் என்றால் விவசாயி அதைத்தான் போனில் பெருக்கிப் பார்ப்பார். ஆகவே அச்சடிக்கிற ஒவ்வொரு தொகையும் அச்சடித்த எடையிலிருந்தே வர வேண்டும். முழுமை(எடை, 2) என்ற சார்பைக் கொடுங்கள், அரைவாசி வந்தால் மேலே என்று நிலையாக வையுங்கள்.

சம்பளப் பக்கத்திலும் இதே. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநரே 3 வீதம். மூன்றையும் தனித்தனியாக முழுமையாக்கிப் பிறகு கூட்ட வேண்டும். 23 வீதத்தை ஒன்றாகக் கணக்கிட்டு முழுமையாக்கினால் சதம் ஒன்று அங்குமிங்கும் போகும்.

பிரவுசரில் டெசிமல் வகை இல்லை. டெசிமல் லைப்ரரி ஒன்றை ஏற்றுங்கள், அல்லது முன்னோட்டத்தையும் சேர்வரிடமே கேளுங்கள். இரண்டாவதுதான் என் விருப்பம். நெட் போனால் முன்னோட்டம் வராது, ஆனால் பிழையான முன்னோட்டம் வருவதிலும் அது நல்லது.

#10 அக்கரைப்பற்று_வயல்

அண்ணே, அதில் உடன்பாடில்லை. அறுவடைக் காலத்தில் மில் வாசலில் லொறி வரிசையில் நிற்கும், இணைப்பு விட்டுவிட்டு வரும். முன்னோட்டம் இல்லாமல் தராசுக்காரர் என்ன செய்வார்? கையால் எழுதுவார், பிறகு பதியும்போது வேறு தொகை வரும். பிரவுசரிலும் முழுக் கணக்கும் ஓட வேண்டும். அதற்கு இரண்டு பாகுபடுத்திகளும் ஒரே சோதனைக் கோப்பை வாசிக்கட்டும்: கோவை, மாறிகள், எதிர்பார்க்கும் விடை அல்லது எதிர்பார்க்கும் பிழை என்று ஜேசன் வரிகள். ஒன்றில் தேறி மற்றதில் தவறினால் பதிப்பு வெளியே போகக்கூடாது. டெசிமல் லைப்ரரிகளின் இயல்புத் துல்லியம் ஒன்றுக்கொன்று வேறு, இரண்டு பக்கமும் 28 என்று நீங்களே எழுதி வையுங்கள்.

#11 கல்லடி_பாலம்

லொறி வரிசை என்றது சரியான காரணம். ஒரே சோதனைக் கோப்பு இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். சேமிக்கிற தொகை மட்டும் சேர்வர் மறுபடி கணக்கிட்டதாக இருக்கட்டும். வேறுபட்டால் பதிவை ஏற்காமல் இரண்டு தொகையையும் காட்டட்டும்.

#12 சாய்ந்தமருது_கோடர்

லூவா பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1993இல் பிரேசிலில் பிறந்த மொழி, உள்ளே வைப்பதற்கென்றே செய்தது, சிறியது, நல்லது. ஆனால் உங்கள் தேவைக்கு அது முழு மொழி, சுற்று உண்டு. வைப்பதென்றால்: உரைக் கோவையை மட்டும் ஏற்கும்படி லோட் சார்பின் மூன்றாவது அளபுருவைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தீங்கான பைட்கோடை யாரும் அனுப்பலாம். நான்காவது அளபுருவாக வெற்றுச் சூழல். அப்போதும் உரைகளின் மெட்டா அட்டவணை வழியாக உரைச் சார்புகள் திறந்தே இருக்கும், ஒற்றை எழுத்தை நூறு கோடி தடவை அடுக்கலாம். கட்டளை எண்ணி வைத்து நிறுத்தலாம் என்றால், அந்த எண்ணி சி மொழியில் எழுதிய சார்புக்குள் ஓடும் நேரத்தை எண்ணாது. நினைவகத்துக்குச் சொந்த ஒதுக்கியும் வேண்டும். இத்தனை கதவையும் பூட்டி நான்கு கணக்குப் பார்ப்பதில் இலாபம் இல்லை.

தயாராக இருப்பவற்றில்: கோ மொழியில் சிஈஎல். ஜாவாவில் ஸ்பிரிங் கோவை மொழி வேண்டுமென்றால் எளிய சூழல் வகுப்பை மட்டும், "ஸ்டாண்டர்ட்" சூழல் வகுப்பைப் பயனர் உரைக்குக் கொடுக்கவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டின் மேத்ஜேஎஸ்ஸில் இம்போர்ட், கிரியேட்யூனிட், இவாலுவேட், பார்ஸ், சிம்ப்ளிஃபை, டெரிவேட்டிவ் ஆகியவற்றை முடக்கச் சொல்லி அதன் ஆவணமே சொல்கிறது.

தராசுப் பெட்டி மாதிரிச் சிறு கருவிக்குள் வைக்க யாராவது தேடினால், டைனிஎக்ஸ்பிரஸ் என்ற சி லைப்ரரி ஒரு கோப்பும் ஒரு தலைப்புக் கோப்பும்தான். மிதவை எண்ணில் ஓடும், ஆகவே எடைக்குப் போதும், காசுக்கு வேண்டாம். மீள்சுழற்சியால் பாகுபடுத்துவதால் நீளத்தை முதலே வெட்டுங்கள், அந்தச் சிப்களில் அடுக்கு நினைவகம் சில கிலோபைட்தான்.

#13 நிந்தவூர்_தரவு

சேமிக்கும் நேரம், ஓட்டும் நேரம் என்று இரண்டாகப் பிரியுங்கள். சேமிக்கும்போது பாகுபடுத்தி, நிபந்தனையின் இரு கிளைகளிலும் உள்ள பெயர்களையும் வகைகளையும் சோதியுங்கள். ஓடும்போது ஒரு கிளைதான் ஓடும். ஈரக் கிளையில் உள்ள எழுத்துப்பிழை காய்ந்த நெல் வருகிற நாளெல்லாம் ஒளிந்திருந்து, மழைக்குள் அறுத்த நெல் வருகிற அன்று கொள்வனவையே நிறுத்தும்.

பிழைச் செய்தி தமிழில், இடத்தோடு வரட்டும்:

    17ஆம் எழுத்து: 'ஈரபதம்' என்ற பெயர் இல்லை. 'ஈரப்பதம்' என்பதா?

நிரல் தானே திருத்திக்கொள்ளக்கூடாது. எழுத்து எண்ணிக்கையும் பயனர் காண்கிற எழுத்தாக இருக்கட்டும். குறியீடுகளை எண்ணினால் "நெல்" நான்காகும், சுட்டி தவறான இடத்தில் நிற்கும்.

சேமிக்கும் பொத்தானுக்கு முன்னால் மூன்று மாதிரி வரிகளின் விடையைக் காட்டுங்கள்: ஈரப்பதம் 13, சரியாக 14, 18. புதிய கோவைக்கு நடைமுறைத் திகதியும் பதிப்பு எண்ணும் கொடுங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் கோவைப் பதிப்பையும் உள்ளீடுகளையும் விடையையும் சேர்த்தே வையுங்கள், பழைய சீட்டைப் புதிய கோவையால் ஒருபோதும் மறுகணக்கிடாதீர்கள்.

ஈரப்பதம் பதியாமல் வந்தால் 0 என்று எடுக்கக்கூடாது. பிரிவு பூச்சியத்தால் வந்தாலும் கழிவு 0 என்று விடக்கூடாது. நிறுத்தி, காரணத்தைச் சொல்லுங்கள். அமைதியாகப் பூச்சியம் போடுகிற நிரல் ஒன்று மில்காரரின் காசை எடுக்கும், அல்லது விவசாயியின் காசை எடுக்கும்.

#14 வாழைச்சேனை_நிரல்

சேர், நானா, எல்லாருக்கும் நன்றி. சொந்தப் பாகுபடுத்தி, டெசிமல், ஒரே சோதனைக் கோப்பு என்று போகிறேன். இன்னும் இரண்டு மட்டும். வீதக் குறியை ஏற்பதா? மில்காரர் எல்லாரும் எக்செல் பழகியவர்கள், சம்பளம் * 8% என்றுதான் எழுதுவார்கள். மற்றது, சேர்வர் பக்கம் தனிப் புரொசஸில் ஓட்ட வேண்டுமா?

#15 களுவாஞ்சிக்குடி_சேர்

வீதக் குறியை எண் மாறிலிக்குப் பின்னால் மட்டும் ஏற்று 100ஆல் வகுங்கள். மாறிக்குப் பின்னாலோ அடைப்புக்குப் பின்னாலோ வந்தால் பிழை. மீதி காண்கிற குறியாக அதை வைக்கவே வேண்டாம், அதற்கு மீதி(மூடை, 10) என்று சார்பு கொடுங்கள். "1000 + 8%" என்பதில் சில கல்குலேட்டர்கள் 1080 என்று காட்டும், எக்செல் 1000.08 என்று காட்டும். கூட்டல், கழித்தலின் வலப்பக்கம் வீத எண் வெறுமனே நின்றால் சேமிக்க விடாமல், அடித்தொகையைப் பெருக்கி எழுதும்படி கேளுங்கள்.

எக்செல் பழக்கம் என்றபடியால் இதையும் சொல்கிறேன்: பிறகு யாராவது அடுக்குக் குறி கேட்டால் -2^2 என்பது எக்செலில் 4, கணிதப் பாடத்தில் -4. டைனிஎக்ஸ்பிரஸும் இயல்பில் எக்செல் பக்கம்தான். குறியாகத் தராமல் அடுக்கு(2, 3) என்று சார்பாகக் கொடுத்து, அடுக்கெண்ணை 10க்குள் மட்டுப்படுத்தினால் அந்த மயக்கமே வராது.

தனிப் புரொசஸ் இந்த அளவு மொழிக்குக் கட்டாயமில்லை. 200 முனை, நிலையான செலவுள்ள சார்புகள், சுற்று இல்லை என்றால் ஒரு கோவை ஓடி முடிய மில்லிசெக்கன்ட் கூடப் போகாது. பாகுபடுத்திய மரத்தைப் பதிப்பு எண்ணோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கோப்பில் இவையும் இருக்கட்டும்: வெற்று உரை, திறக்கும் அடைப்பு மட்டும் 10,000, குறைக்குறி 499க்குப் பின் ஒரு எண், 300 கூட்டல், இரண்டு தசமப் புள்ளியுள்ள எண், ஒகரம் பிரிந்த பெயர், "கன்ஸ்ட்ரக்டர்" என்ற ஆங்கிலப் பெயர். இவை ஒவ்வொன்றுக்கும் தெளிவான பிழைச் செய்தி வர வேண்டும், ஒகரம் பிரிந்த பெயருக்கு மட்டும் சரியான விடை.